துப்புக்கூலி

சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்தில் அர்ச்சுனா நதியை மறித்து நிற்கும் அணைக்கரையிலிருந்து பார்த்தால் கரிசலும் உடைமரமும், இடையிடையே பட்டாசு ஆலைகளின் தனித்தனி அறைகளும் தெரியும். இங்கே மாடே குடும்பத்தின் முழு முதலாக இருந்த காலத்தை நம் பாட்டன்மார் அறிவார்கள். விடிந்து பார்த்தால் தொழுவில் உழவுமாடு இருக்காது. இரண்டொரு நாளில் ஒருவர் வருவார். திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பார். மாடு நிற்கும் இடம் தெரிந்த ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்பார். துப்புக்கூலி கைமாறியதும் ஏதோ ஓர் ஓடைக்கரையில் மாடு கட்டிக்கிடக்கும். ஊர்க்காவல்காரருக்குக் காவல்கூலியை ஒழுங்காக அளந்த வீட்டில் பொதுவாக இந்த வம்பு வருவதில்லை. மிரட்டியதாக யார் மேலும் சாட்சி சொல்லவும் முடியாது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் மிரட்டலுக்கென இருந்த 503-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தின் 351-ஆம் பிரிவாகியிருக்கிறது. மோர் குடித்துவிட்டுப் போனவர் இரண்டிலும் அகப்படமாட்டார்.

அச்சம் வெளிப்படையாக வந்த நாளும் உண்டு. கோயில் நுழைவு உரிமை கேட்ட நாடார்கள் மீதான பகையில், வாரக்கணக்காகச் சுற்றுக் கிராமங்களில் தீவைப்பும் கொள்ளையும் நடந்த பிறகு, 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைத் தாக்கினார்கள். அடக்க வந்த அரசு தண்டக்காவல் படையை நிறுத்தி, அதன் செலவை ஊரார் தலையிலேயே வைத்தது. காவல்கூலி கேட்ட கை மாறியது, கூலி மாறவில்லை. அடுத்த தலைமுறையில் குற்றப் பரம்பரைச் சட்டம், மறவர், கள்ளர் உள்ளிட்ட சமூகங்களைக் கைரேகை வைக்கவும், இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்கவும் வைத்தது. ஊரைக் காவல் காத்த குடும்பத்துப் பிள்ளைகளை அரசு காவல் காத்தது. ஒருவர் செய்த வினைக்கு ஒரு குலத்தையே வரிசையில் நிறுத்திய அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் நீங்கியது. யார் பக்க வரலாற்றைச் சொன்னாலும் மறு பக்கத்தை விழுங்கிவிடுவது நம் வழக்கம். இரண்டுக்கும் வாரிசு நாம்தான்.

இன்று பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று விதி உண்டு. கூடுதலாக ஆள் உட்கார்ந்திருப்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அட்வான்ஸ் வாங்கியாயிற்று. அடுத்த வாரமும் வேலை வேண்டும். கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது, முன்பணத்தின் கனத்தை அதனால் ஒழிக்க முடியவில்லை. முதலாளி அதட்ட வேண்டியதே இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அளவுக்கு மீறி ஆட்கள் இருந்ததாகப் பிறகு எல்லாரும் பேசினார்கள். அதற்கு முந்தைய நாள் அதைச் சொல்லியிருக்கக்கூடியவர்கள், மறுநாளும் அதே வாசலுக்கு வேலைக்குப் போக வேண்டியவர்கள்.