சுதேசிப் பூட்டும் பூட்டுதான்

2025 ஜூலையில், குஜராத்தின் வாடினாரில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்திவரும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் அலுவலக மின்னஞ்சலும் பிற கணினிச் சேவைகளும் திடீரென முடங்கின. இயந்திரக் கோளாறு ஏதுமில்லை. கட்டண பாக்கியும் இல்லை. ரஷ்யாவுக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்த 18ஆவது தடைத் தொகுப்பில், ராஸ்நெஃப்ட் 49 விழுக்காடு பங்கு வைத்துள்ள இந்நிறுவனமும் சேர்க்கப்பட்டிருந்தது. அத்தடையை இந்தியா ஏற்கவில்லை. அமெரிக்காவும் அப்போது நயாராமீது தடை விதித்திருக்கவில்லை. எனினும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சேவையை நிறுத்தியது. தாம் முழுத்தொகை செலுத்தி உரிமம் பெற்ற சேவையும் தம்முடைய தரவுகளும் மறுக்கப்படுவதாக நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. சில நாட்களில் சேவை மீண்டும் வழங்கப்பட்டது.

நயாரா ஒரு தனியார் நிறுவனம். அதற்காக வாதாடுவது நமது வேலையன்று. ஆனால் இந்நிகழ்ச்சி எழுப்பும் கேள்வி நமக்குரியது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஓர் எண்ணெய் ஆலையின் அன்றாட அலுவலை, இந்தியா ஏற்காத ஒரு தடையின் பெயரால் வேறொரு நாட்டு நிறுவனம் நிறுத்த முடியுமெனில், நம் வங்கிகளும் ரயில்வேயும் மருத்துவமனைகளும் மின்பகிர்மானமும் யாருடைய தயவில் இயங்குகின்றன?

ஒன்றிய அரசு இதற்கு வைத்திருக்கும் விடை, ‘சுதேசி’. அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. கல்வி அமைச்சகம் தன் அலுவலர்கள் அந்நிறுவனத்தின் அலுவலக மென்பொருளையே பயன்படுத்த வேண்டுமெனச் சுற்றறிக்கை விட்டது. உள்துறை அமைச்சரே தம் முகவரியை மாற்றிக்கொண்டு அதை அறிவித்தார். தமிழ்நாட்டிலிருந்து வளர்ந்த நிறுவனம் என்பதால் நம்மில் சிலருக்கும் இதில் பெருமிதம் பிறந்திருக்கிறது. அந்தப் பெருமிதத்தோடுதான் இக்கட்டுரை வாதிட விரும்புகிறது.

பூட்டு எங்கே இருக்கிறது?

மென்பொருள் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மனிதர் எழுதுவதும் மனிதர் படிக்கக்கூடியதும் மூலநிரல். அதிலிருந்து உருவாக்கப்பட்டு இயந்திரம் மட்டும் புரிந்துகொள்ளும் வடிவம்தான் நமக்கு விற்கப்படுகிறது. மூலநிரலை மறைத்துவைப்பவர், அம்மென்பொருள் என்ன செய்கிறது என்பதைச் சோதிக்கும் உரிமையையும், பழுது பார்க்கும் உரிமையையும், தேவைக்கேற்ப மாற்றும் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். வாங்கியவர் எத்தனை கோடி கொடுத்தாலும் குடக்கூலிக்காரரே. ஏகபோகத்தின் வேர் இங்குதான் இருக்கிறது. உரிமையாளரின் கடவுச்சீட்டில் இல்லை. தலைமையகம் ரெட்மண்டில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் மூலநிரல் மூடியிருக்கும்வரை பூட்டு பூட்டுதான்.

இந்தப் பூட்டை எதிர்த்துத்தான் 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை எழுதத் தொடங்கினார். யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம்; ஆனால் மாற்றியதைப் பிறருக்கு வழங்கும்போது அதே உரிமைகளையும் சேர்த்து வழங்க வேண்டும் என்ற உரிம விதி அதன் உயிர்நாடி. ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் சொல் ‘விலையில்லாதது’ என்றும் ‘விடுதலையுடையது’ என்றும் ஒருசேரப் பொருள்படுவதால் அங்கே ஓயாத குழப்பம். தமிழ் தெளிவாகவே பிரித்திருக்கிறது. ‘இலவச மென்பொருள்’ வேறு, ‘கட்டற்ற மென்பொருள்’ வேறு. இலவசமாகக் கிடைப்பவை பல நம்மைக் கட்டிப்போடவே வருகின்றன.

தமிழில் அச்சுப்பணி செய்வோர்க்கு இக்கட்டின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒருங்குறி பரவுவதற்குமுன் ஒவ்வொரு தனியார் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. அவ்வெழுத்துருவும் அதை இயக்கிய பழைய மென்பொருளும் மறைந்தபின், அன்று தட்டச்சு செய்த எத்தனையோ மொழிபெயர்ப்புகள் திறந்தால் பொருளற்ற குறிகளாக நிற்கின்றன. எழுத்து நம்முடையது, திறவுகோல் வேறொருவருடையது. அந்த வேறொருவர் தமிழரா, அமெரிக்கரா என்பது அந்தக் கோப்பைத் திறக்க உதவவில்லை.

ஒன்றிய அரசுக்கு இது தெரியாததன்று. 2015இல் அதுவே வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் கொள்கை, அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை தர வேண்டும், விலக்கும்போது காரணம் கூற வேண்டும் என்கிறது. சி-டாக் நிறுவனம் பொதுப்பணத்தில் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளம் 2007 முதல் நம்மிடம் இருக்கிறது. சொந்தக் கொள்கையையும் சொந்த இயங்குதளத்தையும் ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரு தனியார் முதலாளியிடமிருந்து இன்னொரு தனியார் முதலாளியிடம் சாவியை மாற்றிக்கொடுப்பதற்கு இறையாண்மை என்று பெயர் சூட்டுகிறார்கள்.

திருடனுக்குச் சாவி கொடுப்பதா?

மூலநிரலைத் திறந்துவைத்தால் கயவர்களுக்கு வழி காட்டியதாகாதா என்பது வழக்கமான ஆட்சேபம். இதே ஒன்றிய அரசின் பாதுகாப்பு அமைச்சகம் 2023இல் விண்டோஸை விட்டு, உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’ இயங்குதளத்துக்கு மாற முடிவெடுத்தது. உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. திறந்த நிரல் பாதுகாப்பற்றது என்ற கூற்றை, பாதுகாப்பே தொழிலாகக் கொண்டோரே நம்பவில்லை.

மூடிவைத்ததன் விளைவையும் பார்த்திருக்கிறோம். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டறிந்தது; தன் உளவுக்குப் பயன்படுமென்று நெடுங்காலம் அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டது. அந்தக் கருவி களவுபோய் வெளியே கசிந்த சில வாரங்களில், 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ தாக்குதல் சுமார் 150 நாடுகளைச் சுருட்டியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் தப்பவில்லை. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பிழையான புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படியே 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. நம் விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச்சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பகைவன் எவனும் வரவில்லை. பாதுகாப்பென்று விற்கப்பட்ட பொருளே போதுமானதாக இருந்தது. உலகத்தின் அலுவல்கள் அனைத்தையும் ஓரிரு நிறுவனங்களின் மூடிய பெட்டிகளில் குவித்தால், அந்நிறுவனத்தின் ஒரு நாள் கவனக்குறைவு உலகத்தின் முடக்கமாகிறது.

இருப்பினும், நிரலைத் திறந்துவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று சொல்வது அரை உண்மை. 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட ‘எக்ஸ்இசட்’ விவகாரத்தை ஆழ்ந்து பார்க்க வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ளது. அதைப் பராமரித்தவர் ஏறக்குறைய ஒற்றை ஆள். ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் செய்து களைத்திருந்தவர். உதவ வந்தவர்போல் ஒரு புனைபெயர் ஈராண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை பெற்று, பொறுப்பைக் கையில் வாங்கி, உலகின் கணக்கற்ற கணினிகளுக்குள் நுழையும் கள்ளவழியை அதில் பதித்தது. கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் அதைத் தோண்டியெடுத்தார். அவர் மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்பதைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். காட்டட்டும். அவர் எங்கு ஊதியம் பெற்றாலும், தோண்டிப் பார்க்க முடிந்தது நிரல் திறந்திருந்ததால்தான். ஆனால் பொறுப்பு கைமாறியது ஏன்? உலகமே சார்ந்திருந்த ஒரு வேலைக்கு ஊதியமில்லாததால்.

இது தனி நிகழ்வன்று. 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதிக்கு மறையீட்டுப் பாதுகாப்பளித்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்தில் முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர் என்பதும், அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்பதும் தெரியவந்தன. அதைப் பயன்படுத்திப் பெருநிறுவனங்கள் ஈட்டிய வருவாயோ பல்லாயிரம் கோடி. பாதுகாப்பு என்பது இறுதியில் உழைப்பைப் பற்றிய கேள்வி. யார் செய்கிறார், எத்தனை மணி நேரம் செய்கிறார், எந்த நிலைமையில் செய்கிறார், தவறு கண்டால் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டா? ஓட்டை இங்கே தொடங்குகிறது.

நிரலாளர் யார்?

இங்கேதான் நம் நாட்டு நிரலாளர் வருகிறார். அவர் தொழிலாளி அல்லர், ‘அறிவுப் பணியாளர்’ என்று முப்பது ஆண்டுகளாக முதலாளிகள் ஓதிவருகிறார்கள், அவரும் நம்பியிருந்தார். கர்நாடகத்தில் 2014 முதல் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து விலக்கு நீட்டிக்கப்பட்டு வந்தது. 2024இல் அதே மாநிலத்தில் வேலைநாளை 14 மணி நேரம்வரை நீட்டிக்கும் முயற்சி நடந்தது. கர்நாடகத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கமான கிட்டு வீதிக்கு வந்து எதிர்த்தது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியரில் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை, வெளியேற்றப்போவதாக அறிவித்தது.

அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவோரைத் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே தள்ளுகிறது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒருவரைத் ‘தலைவர்’ என்று பெயரிட்டால் போதும். சட்டப் பாதுகாப்பைப் பறிப்பதற்கான வாதம் நிறுவனத்தின் கையில் ஆயத்தமாகிவிடும். பதினான்கு மணி நேரம் விழித்திருப்பவர் எழுதும் நிரலில், நாளை வேலை இருக்குமா என்று அஞ்சுபவர் மௌனமாகக் கடந்துபோகும் பிழைகளோடுதான் நம் வங்கிக் கணக்கும் ரயில் முன்பதிவும் இயங்குகின்றன. எனவே நிரலாளரின் சங்க உரிமை அவருடைய தனிப்பட்ட நலன் மட்டுமன்று. அதைப் பயன்படுத்தும் மக்களின் பாதுகாப்பும்கூட.

நமக்குள் ஒரு வாதம்

நம் அணிகளிலேயே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ஒன்று, இது தொழில்நுட்பர்களின் பொழுதுபோக்கு, வர்க்கப் போராட்டத்துக்கு வெளியே உள்ளது என்பது. மென்பொருள் இன்று ஓர் உற்பத்திச் சாதனம். உற்பத்திச் சாதனத்தின் உடைமை குறித்த கேள்வியை ஒரு கம்யூனிஸ்ட் பொழுதுபோக்கு என்று ஒதுக்க இயலாது.

மற்றொன்று இதற்கு எதிர்முனை. கட்டற்ற மென்பொருளே முதலாளித்துவத்துக்குள் முளைத்துவிட்ட பொதுவுடைமை என்று பூரிப்பது. ஐபிஎம் 2019இல் ரெட்ஹேட் நிறுவனத்தை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது எதற்காக? நான்கே ஆண்டுகளில், 2023இல், ரெட்ஹேட் தன் நிறுவன லினக்ஸின் மூலநிரலைப் பொதுவெளியில் வழங்குவதைச் சுருக்கிக்கொண்டது. லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001இல் இகழ்ந்த மைக்ரோசாஃப்ட், 2018இல் திறந்த நிரல்களின் பெருங்களஞ்சியமான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கி, அங்குள்ள நிரல்களைக் கொண்டு பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவுக் கருவியைச் சந்தாவுக்கு விற்கிறது. ஊர்ப் பொதுநிலத்தை வேலியிட்டு வளைத்த அதே பழைய கதை. பொதுநிலம் உண்மையானது, அதைக் காக்க ஆள் இல்லையெனில் வேலி வரும்.

காப்பது எப்படி என்பதற்குக் கேரளம் சான்று. அம்மாநிலப் பள்ளிகளில் கணினிக் கல்வியை மைக்ரோசாஃப்ட் வழியில் கொண்டுசெல்லும் முயற்சி நடந்தபோது ஆசிரியர் இயக்கம் எதிர்த்துக் குரலெழுப்பியது. தொடர்ந்த ஆண்டுகளில் ஆசிரியர்களுக்கு லினக்ஸில் பயிற்சி அளிக்கப்பட்டது, பாடநூல் மாறியது, தேர்வு மாறியது. பள்ளிகளுக்கென மலையாளத்தில் இயங்கும் லினக்ஸ் பதிப்பை அரசின் கைட் அமைப்பே உருவாக்கி வழங்குகிறது. 2019இல் இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளில் அது நிறுவப்பட்டபோது, மிச்சமான உரிமக் கட்டணம் 3,000 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. பணத்தைவிடப் பெரிய வரவு ஒன்றுண்டு. கருவியைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் பழகிய ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு தலைமுறையாக உருவாகியிருக்கிறார்கள். எந்த நிறுவனமும் எங்கிருந்தோ ஒரு பொத்தானை அழுத்தி அதை நிறுத்த முடியாது.

நம் கோரிக்கைகள் இவற்றிலிருந்து பிறக்கின்றன. பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரல் அனைத்தும் பொதுவுரிமத்தில் வெளியிடப்பட வேண்டும். 2015 கொள்கையை மீறி மூடிய மென்பொருள் வாங்கிய ஒவ்வொரு துறையும், அதற்கு எழுதிவைத்த காரணத்தை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். நாடு சார்ந்திருக்கும் திறந்த மூலத் திட்டங்களைப் பராமரிப்போர்க்கு அரசே முறையான ஊதியம் தர வேண்டும். தகவல் தொழில்நுட்ப ஊழியர் அனைவரையும், பதவிப்பெயர் எதுவாயினும், தொழிலாளி என்று சட்டம் ஏற்க வேண்டும்.

கோரிக்கை வைப்போர் தாமும் நடந்துகாட்ட வேண்டும். திருட்டுப் பிரதியாக நிறுவிய விண்டோஸ் ஏகபோகத்துக்கு எதிரான கலகம் ஆகாது. அது காசு கொடுக்காத அடிமைத்தனம். புதுப்பிப்பு கிடைக்காத அந்தக் கணினியில்தான் உறுப்பினர் பட்டியலும் வெளிவராத தீர்மானங்களும் இருக்கும். ஒவ்வொரு மாவட்டக்குழு அலுவலகமும் ஒரு கணினியிலேனும் லினக்ஸை நிறுவி, லிப்ரே ஆஃபிஸில் ஒருங்குறியில் தமிழைத் தட்டச்சு செய்து தொடங்கட்டும். கற்றுக்கொடுக்க அப்பகுதியின் தகவல் தொழில்நுட்ப ஊழியர் ஒருவரை அழைக்கட்டும். சங்கத்தைப் பற்றி அவரோடு பேசுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.