வேகம் விரும்பும் மாணவருக்கு எந்தக் கார்?



விடுதி முற்றத்தில் நால்வர் கூடினால் பேச்சு மூன்றில் ஒன்றைச் சுற்றும்: தேர்வு, திரைப்படம், கார். முதல் இரண்டைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். மூன்றாவதைப் பற்றி, இயற்பியல் பயிலும் நான் சில சொல்ல விழைகின்றேன்.

நம்மிற் பலர், பிழைப்பு நாடி எலப்புள்ளிக்கும் சித்தூருக்கும் வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். புதுக்கார் நமக்கு எட்டாக்கனி. பழைய கார் எட்டும்; அதுவும் ஒன்றே ஒன்று. வாரநாளில் வகுப்புக்கு வருவதும், வீட்டாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், என்றேனும் ஒருநாள் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பதும் அந்த ஒன்றிலேதான். இந்த ஆசை தவறா? தவறன்று. ஆனால் ஆசைக்கேற்ற அறிவும் வேண்டுமன்றோ?

“பெரிய எஞ்சின் உள்ள பழைய சொகுசுக் கார் மலிவாகக் கிடைக்கிறதே!” என்பர் சிலர். ஏன் மலிவு என்று எண்ணிப் பார்த்தனரா? அதன் உதிரிப் பாகங்களின் விலைக்கு அஞ்சியே பலர் அதை விற்கின்றனர். எடை மிகுந்த வண்டி, வளைவுகளில் டயரைத் தின்னும், பிரேக்கை எரிக்கும்.

சிறிய எஞ்சினை எள்ளி நகையாடுவோர் கோவையை நினைத்துப் பார்க்கட்டும். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டே ‘பார்முலா மாருதி’ என்னும் பந்தய வண்டியை உருவாக்கினார். அவ்வகை வண்டியில் தொடங்கிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்கிய பந்தயத் தடம், வாளையாற்றுக்கு அப்பால் செட்டிபாளையத்தில் இருக்கிறது. திறமை எஞ்சினின் அளவில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே என் கருத்து இது: எடை குறைந்த, பெட்ரோலில் ஓடும், கையால் கியர் மாற்றும் சிறு காரே நமக்கு ஏற்றது. பெயர் சொல்லக் கேட்பின், பழைய மாருதி ஸ்விப்ட் என்பேன். அதன் பாகம் கிடைக்காத ஊர் அரிது. பழுது பார்க்கத் தெரியாத மெக்கானிக்கும் அரியர். ஏ.பி.எஸ்ஸும் ஏர்பேக்கும் எல்லாப் பழைய வண்டிகளிலும் இரா. அவை உள்ளதையே தேடுக.

இன்னொன்று. கையில் நூறு ரூபாய் இருந்தால் எழுபதுக்குக் காரை வாங்குக. முப்பதை டயருக்கும் பிரேக்குக்கும் வைத்துக்கொள்க. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். உலர்ந்த சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும் வண்டி, 120இல் 80 மீட்டர் ஓடும். அந்த ஆற்றலெல்லாம் பிரேக்கில் வெப்பமாகும். புதிய டாட் 4 பிரேக் ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. நாட்பட ஈரம் ஏறினால் கொதிநிலை 155 வரைகூட இறங்கும். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது.

வாங்குமுன் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள்; அடியில் சேற்றுக்கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். தமிழ்நாட்டில் வாங்கிக் கேரளத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், இங்கே மறுபதிவு செய்து வரியும் கட்டவேண்டும். அதையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இறுதியாக, கசப்பான ஓர் உண்மை. நம் தோழர் சிலர்க்கு வாளையாறு நெடுஞ்சாலையே இரவில் பந்தயத் தடமாகத் தோன்றுகின்றது. அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு குற்றமென்கிறது. சட்டத்தை விடுங்கள், அச்சாலையில் நடந்து வீடு திரும்பும் கூலித் தொழிலாளி நம் உறவினரல்லவா? தடத்தில் தவறினால் மணற்குழி தாங்கும். சாலையில் தவறினால் யார் தாங்குவார்? தடத்திலும் பந்தயத்தில் நேரும் சேதத்தை வழக்கமான காப்பீடு ஏற்காது என்பதை அறிந்தே இறங்குங்கள்.

வேகத்தை விரும்புவோம், அதற்குரிய இடத்தில் விரும்புவோம். ஓடத் தெரிந்த வண்டியைவிட நிற்கத் தெரிந்த வண்டியைத் தேர்ந்தெடுப்போம்!