தொண்டரா, மாணாக்கரா?

அந்நிய நாட்டுப் பாடசாலையொன்றிற்குத் தொண்டராகச் சென்று, அங்குள்ள ஆசிரியர் ஒருவரை நிழல்போற் பின்தொடர்ந்து பயிற்சி பெறுதல் மேலைநாட்டு இளைஞரிடையே பெருவழக்காகிவிட்டது. சில நாட்கள் வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தல், பின்னர் ஆசிரியருக்குத் துணையாக நிற்றல், ஈற்றில் ஓரிரு பாடங்களைத் தாமே நடத்துதல் என்பதே இதன் ஒழுங்கு. இது சேவை எனப் போற்றப்படுகின்றது. ஆனால், சேவை செய்தவர் யார், அதனைப் பெற்றவர் யார் என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. அவ்வினாவுக்கு நேர்மையாக விடை காணின், தொண்டர் என்னும் பெயர் இங்கு பொருந்தாப் பெயர் என்பது புலனாகும்.

இவ்வழக்கின் வரலாறு நெடியதன்று. 1958இல் பிரித்தானியாவில் அலெக் டிக்சன் தொடக்கிய கடல்கடந்த தன்னார்வச் சேவை, பாடசாலைக் கல்வியை அப்போதுதான் முடித்திருந்த இளைஞரையே முதலில் அனுப்பியது. 1961இல் கென்னடியின் ஆட்சியில் அமெரிக்கச் சமாதானப் படை தோன்றியது. 1962இல் அது இலங்கைக்கும் வந்தது. பேரரசுகள் குடியேற்ற நாடுகளை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. ஆளுநர் இறங்கிய துறைமுகத்தில் தொண்டர் வந்திறங்கினார். நோக்கம் வேறாயிருக்கலாம், ஆயினும், கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் இன்னொருவர் என்ற பழைய கணக்கு மாறவில்லை.

சமாதானப் படையின் முதலாண்டிலே நிகழ்ந்த இரு சம்பவங்கள் ஈண்டு ஒப்புநோக்கற்பாலன. 1961 ஆகஸ்ட் இறுதியில், ஆசிரியப் பணிக்கென 51 தொண்டர்கள் கானாவின் தலைநகராகிய அக்ராவில் வந்திறங்கினர். விமான நிலையத்தில் அவர்கள் அந்நாட்டு மொழியாகிய துவியிற் பாடினர். அது சிறு செயலே. எனினும், வந்தவர் முதலில் மாணாக்கராயினர். அதே ஆண்டு அக்டோபரில், நைஜீரியாவின் இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர், அந்நகர மக்களின் தெருவாழ்க்கையை இழித்துரைத்துத் தபாலட்டையொன்றில் எழுதினார். அஞ்சலிற் சேருமுன் அது மாணவர் கையிற் சிக்கியது. அவர்கள் அதனைப் படியெடுத்துப் பரப்பிக் கிளர்ந்தெழுந்தனர். எழுதியவர் மன்னிப்புக் கோரி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

தபாலட்டையில் எழுதப்பட்டது உண்மைதானே என்று அன்று வாதிட்டோர் உளர். கண்ணாற் கண்டதை எழுதுவது குற்றமா என்றும் கேட்டனர். கண்டது உண்மையா என்பதன்று பிரச்சினை. பயில வந்தவர், வந்த சில வாரங்களிலேயே தீர்ப்புக் கூறும் நீதிபதியாக மாறினார் என்பதே பிரச்சினை. விடுதலை பெற்று ஓராண்டு மட்டுமே கடந்திருந்த ஒரு நாட்டின் மாணவர், அந்தப் பார்வையை உடனே இனங்கண்டுகொண்டனர். அது அவர்களுக்கு நன்கு பழகிய பார்வை.

அப்பார்வை இன்றும் வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறது. ஐம்பது பிள்ளைகள் நெருங்கியிருக்கும் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் பாடத்தை உரத்து வாசிக்கிறார். பிள்ளைகள் ஒருமித்த குரலில் அதனைத் திருப்பிச் சொல்கின்றனர். 'மனனம் செய்விக்கும் பழைய முறை' என்று பயிலுநர் தம் குறிப்பேட்டில் எழுதுகிறார். மூவருக்கு ஒரு புத்தகமே உள்ள வகுப்பில், அந்த ஒருமித்த குரலே புத்தகமில்லாத பிள்ளைக்குப் புத்தகமாகிறது என்பதை அவர் அறியார். பாடத்தை ஆங்கிலத்தில் தொடங்கிய ஆசிரியர், பின்தங்கிய பிள்ளையின் அருகே சென்று தாய்மொழியில் இரண்டு சொற்கள் கூறுகிறார். அன்றைய பாடத்தின் உயிர் அவ்விரு சொற்களிலேதான் இருக்கிறது. மொழியறியாத அவதானிப்பாளருக்கோ அது வெறும் ஒலி. பாடத்தின் பாதியைக் கேளாதவர் பாடத்தை மதிப்பிடுவது எங்ஙனம்?

இனிக் கணக்கைப் பார்ப்போம். பயிலுநருக்கு இடங்கொடுத்தவர் அந்த ஆசிரியர். மொழிபெயர்த்தவரும், அறியாது செய்த தவறுகளைப் பொறுத்தவரும், பயிலுநர் குழப்பிவிட்ட பாடத்தை மறுநாள் மீண்டும் கற்பித்தவரும் அவரே. பிள்ளைகளோ, பயிற்சியற்ற ஒருவர் பயிற்சி பெறுவதற்காகத் தம் பாடவேளையை ஈந்தனர். பயிலுநர் ஊர் திரும்பியபின் சான்றிதழும் அனுபவமும் தொழில்வாய்ப்பும் அவருக்கே உரியனவாகின்றன. கற்பித்த ஆசிரியரின் பெயர் அச்சான்றிதழில் எங்கும் இல்லை. கொடுத்தவர் பெறுபவராகவும், பெற்றவர் கொடுத்தவராகவும் எழுதப்படும் கணக்கு பொய்க்கணக்கேயாகும்.

1968இல் இவான் இலிச், மெக்சிக்கோவுக்குச் செல்லவிருந்த அமெரிக்க மாணவத் தொண்டர்களுக்கு அவர்தம் முகத்துக்கு நேரே இதனையொத்த கருத்தைக் கூறினார். பார்ப்பதற்கும் கற்பதற்கும் வரலாம். உதவுவதற்கென வரவேண்டா என்பது அவரது உரையின் சாரம். அது துணிவான கூற்று. எனினும், அதனோடு நிறுத்துதல் போதாது. கற்க வருபவரும் கடன்படுகிறார். கற்றலுக்கு விலையுண்டு, அவ்விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் வறிய பாடசாலையின் ஆசிரியரே.

ஆசிரியர் பற்றாக்குறையுள்ள நாடுகளுக்கு இத்தொண்டர் பயன்பட்டனரே என்பது வலிமையான மறுப்பு. கானா அரசு தொண்டர்களை விரும்பியே அழைத்தது என்பதும், அவர்களுட் பலர் ஈராண்டு தங்கி உழைத்தனர் என்பதும் மறுத்தற்கில்லை. ஆனால், ஈராண்டு வகுப்பைச் சுமந்த பட்டதாரி வேறு. நான்கு வாரம் உடனிருந்து செல்லும் பயிலுநர் வேறு. முன்னவரின் உழைப்பைக் காட்டிப் பின்னவரின் சுற்றுலாவைத் தொண்டாக்குதல் முறையன்று.

தொண்டர் என்னும் சொல்லுக்கு இலங்கையிலே இன்னொரு பொருளுண்டு. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் ஊதியமின்றியோ சொற்பக் கொடுப்பனவுடனோ ஆண்டுக்கணக்கில் கற்பித்து, நிரந்தர நியமனத்துக்காக வீதியில் நின்று போராடிய தொண்டராசிரியர்களை அச்சொல் குறிக்கும். அதே நாட்டின் பாடசாலைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சில வாரங்கள் வந்துசெல்லும் வெளிநாட்டு இளைஞருக்கும் அதே பெயர்! பின்னவருக்கு மாலையும் வரவேற்பும், முன்னவருக்குக் காத்திருப்பும் என்றால், சமூகம் தொண்டை அளக்கும் கோல் பழுதுற்றது என்பதே முடிபு.

இவ்வழக்கை அடியோடு ஒழிக்கவேண்டுமென்பது இங்கு வாதமன்று; உரிய பெயரால் அழைக்கவேண்டுமென்பதே வாதம். வருபவர் மாணாக்கராக வரட்டும். வகுப்பறை வாயிலை மிதிக்குமுன் அவ்வூர் மொழியைக் கற்கட்டும். பாடசாலைக்கு உரிய கட்டணத்தைச் செலுத்தட்டும். அவர் தேறினாரா என்பதை அவ்வாசிரியரே மதிப்பிட்டுக் கையொப்பமிடட்டும். யாவற்றினும் மேலாக, அக்ராவின் ஆசிரியரும் இலண்டன் பாடசாலையின் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க வழி பிறக்கட்டும். அவர் எழுதும் குறிப்பை இலண்டன் பொறுமையுடன் வாசிக்குமாயின், அன்று இதனைப் பரிமாற்றம் எனலாம். அதுவரை இது ஒருவழிக் கடன். கடனைத் தொண்டு என்று அழைப்பவர் அதனை ஒருபோதும் அடைக்கப்போவதில்லை.