பந்தும் சொல்லும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு மாணவன்)

"விளையாட்டு வீரனுக்கு எதற்கு உலக விவகாரம்? ஆடினோமா, போனோமா என்று இருக்க வேண்டாமா?"

நம் விடுதியில் கிரிக்கெட் பேச்சு சூடேறும்போதெல்லாம் இக்கேள்வி எழாமல் இருப்பதில்லை. இதற்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையையே எடுத்து வைக்க விரும்புகிறேன். அவர்தான் மைக்கேல் ஹோல்டிங்.

ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில் 1954-ல் பிறந்தவர். 1975 முதல் 1987 வரை மேற்கிந்தியத் தீவுகள் அணிக்காக 60 டெஸ்ட் ஆட்டங்களில் ஆடி 249 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். ஓடி வரும் காலடி ஓசை நடுவரின் காதுக்குக்கூட எட்டாதாம். அதனால் 'கிசுகிசுக்கும் மரணம்' என்று அவருக்கொரு பட்டப் பெயர்!

1976-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணம். தொடர் தொடங்குமுன் அந்நாட்டு அணித் தலைவர் டோனி கிரேக், மேற்கிந்தியர்களை மண்டியிட்டு ஊர வைக்கப்போவதாகத் தொலைக்காட்சியில் சொன்னார். கிரேக் தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளையர். அங்கே நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் நிறைந்த ஓர் அணியின் நெஞ்சில் அச்சொல் தீயாய் விழுந்தது. ஓவல் மைதானத்தில் ஹோல்டிங் பதில் சொன்னார், வாயால் அல்ல, பந்தால். வேகப் பந்துக்குச் சிறிதும் உதவாத ஆடுகளத்தில் 149 ஓட்டங்களுக்கு 14 விக்கெட்டுகள்! கிரேக்கை இரண்டு இன்னிங்சிலும் ஸ்டம்பு பறக்க வெளியேற்றினார்.

ஆனால் நண்பர்களே, புகழ் பாடுவதோடு நின்றுவிட்டால் அது உண்மையாகாது. அதே ஆண்டு ஏப்ரலில் கிங்ஸ்டன் நகரில் நம் இந்திய அணி பட்ட பாடு மறக்கக்கூடியதா? முந்திய டெஸ்டில் 400 ஓட்டங்களுக்கு மேல் துரத்தி வென்ற நம்மவர் மீது வேகப் பந்துகள் உடலையே குறிவைத்து எறியப்பட்டன. கெய்க்வாட் காதருகே அடிபட்டு மருத்துவமனை சென்றார். விசுவநாத்தின் விரல் முறிந்தது. இரண்டாவது இன்னிங்சில் ஐந்து பேர் ஆட வரவே இயலாமல் 97 ஓட்டங்களோடு ஆட்டம் முடிந்தது. நம் சென்னை வேங்கடராகவனும் அந்த அணியில் இருந்தார். 1980-ல் நியூசிலாந்தின் டனிடின் நகரில், நடுவர் அவுட் தரவில்லை என்று ஸ்டம்பை உதைத்துத் தள்ளியவரும் இதே ஹோல்டிங்தான். குறையே இல்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை.

ஓய்வுக்குப் பின் அவர் வர்ணனையாளரானார். இங்கிலாந்தின் ஸ்கை தொலைக்காட்சியில் மட்டும் இருபதாண்டுகளுக்கு மேல் அவர் குரல் ஒலித்தது. இன்றைய வர்ணனையாளர் பலர் மத்தளத்துக்கும் மனிதக் குரலுக்கும் வேறுபாடு தெரியாதபடி முழங்குகின்றனர். ஹோல்டிங்கோ, தேவையான இடத்தில் தேவையான அளவே பேசினார். பணம் கொழிக்கும் ஐ.பி.எல். பந்தயங்களைக் கிரிக்கெட்டாகத் தாம் கருதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்தப் பக்கமே போகாதிருந்தார். 2010-ல் பாகிஸ்தானின் இளம் வீரர் முகமது ஆமிர் சூதாட்டப் புகாரில் சிக்கியபோது, இவ்வளவு திறமை வீணாயிற்றே என்று நேரடி ஒளிபரப்பிலேயே கண் கலங்கினார்.

அத்தகைய மனிதர் 2020 ஜூலை 8-ஆம் நாள் சவுத்தாம்ப்டனில் பேசினார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் காவலரால் கொல்லப்பட்டு ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. மழையால் ஆட்டம் தாமதமான அந்த வேளையில், நிறவெறியின் வேர் கல்வியில் இருக்கிறது என்றார் அவர். மின்விளக்கென்றால் எடிசனைச் சொல்லித் தருகிறார்கள். அவ்விளக்கு நீடித்து எரியக் கரி இழையைச் செம்மைப்படுத்திய லூயிஸ் லாட்டிமர் என்ற கறுப்பரை எந்தப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டார். வரலாறு படிக்கும் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. நான் ஒப்பித்துத் தேர்வெழுதிய வரலாற்றில் யார் யார் விடுபட்டுப் போனார்களோ!

மறுநாள் செய்திப் பேட்டியில் தம் பெற்றோரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர் தேம்பி அழுதார். கணவர் மிகவும் கறுப்பாக இருக்கிறார் என்பதற்காக அவருடைய தாயின் வீட்டார் பேச்சையே நிறுத்திக்கொண்டார்களாம். வெள்ளையர் செய்ததல்ல, சொந்த வீட்டார் செய்தது! பெண் பார்க்கப் போய் நிறம் பார்த்துத் திரும்பும் நாட்டில் பிறந்த நாம், இதைக் கேட்டு அடுத்த வீட்டுக் கதை என்று நகர்ந்துவிட முடியுமா?

"வர்ணனை செய்ய வந்தவர் அதை மட்டும் செய்திருக்கலாமே" என்பார் சிலர். அவர்களை நான் கேட்கிறேன்: கிரேக்கின் சொல் மைதானத்துக்குள் வந்தபோது அது விளையாட்டாகவா வந்தது? நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்துவோர் ஆடுகளம் வரை வரலாம். இழிவுபட்டவன் மட்டும் எல்லைக் கோட்டுக்குள் வாய்பொத்தி நிற்க வேண்டுமா? குற்றமே செய்யாதவர்தான் பேசலாம் என்றால், பேச உலகில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

2021-ல் தம் கருத்துகளை நூலாக்கிய ஹோல்டிங், அவ்வாண்டே வர்ணனைப் பணியிலிருந்தும் விடைபெற்றார். அவர் வீழ்த்திய 249 விக்கெட்டுகள் பதிவேட்டில் உறங்கும். நாற்பது ஆண்டுகள் நெஞ்சில் அடக்கி வைத்து, மழை பெய்த ஒரு காலையில் அவர் வீசிய சொல் இன்னும் தரையைத் தொடவில்லை. அதை எப்படி எதிர்கொள்ளப் போகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.