முதுகுக் கோடு மட்டும் போதுமா?

அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலின் ஆடிச் சந்தையில் தாம் கண்ட குதிரைகளைப் பற்றி எழுதிய தாராபுரத்து நண்பர், மேனி மஞ்சள் கலந்த பழுப்பாயிருந்து முதுகில் ஒரு கோடும் தென்பட்டுவிட்டால் அது ‘டன்’ வர்ணமே என்று சாதிப்பது, சற்றே அவசரமான நிர்ணயமாகும். க்ரீம் மரபணுவால் வெளிறிய ‘பக்ஸ்கின்’ குதிரைக்கும் அதே மேனி, அதே கரிய பிடரியும் வாலும் உண்டு. போதாக்குறைக்கு, டன் அல்லாத குட்டிகளின் முதுகிலும் மங்கலாய் ஒரு கோடு ஓடுவதுண்டு. செந்நிறமாய்ப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும் காங்கயம் கன்றுகளை நாள்தோறும் பார்க்கிற ஊர்க்காரர், குட்டியின் முதல் உரோமத்தை நம்பி அபிப்பிராயம் சொல்லலாமா? மெய்யான டன்னில் அக்கோடு பிடரியிலிருந்து வால்வரை விளிம்பு தெளிந்து நிற்பதோடு, பெரும்பாலும் முழங்கால்களில் குறுக்கு வரிகள் படிந்து, முகமும் உடலைவிடக் கறுத்திருக்கும். கத்தியவார் ஜாதிக் குதிரைகளில் இந்த லட்சணங்கள் பிரசித்தம். காரணமும் ரகசியமன்று: டிபிஎக்ஸ்3 என்னும் மரபணுவைப் பற்றி 2016-இல் வெளிவந்த ஆய்வின்படி, டன் குதிரையின் மேனி உரோமத்தில் நிறமி ஒரு பக்கத்தில் மட்டுமே சேர, கோட்டின் உரோமத்திலோ சுற்றிலும் நிறைகிறது. தரகர் துண்டைப் போட்டு விரல் பிடிக்குமுன், நண்பர் குனிந்து அந்தக் குதிரையின் கால்களையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.