முத்துப்பட்டன் கதையை வகுப்பில் எப்படிச் சொல்வது?

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துவார்கள். ஆடி அமாவாசைக்குப் போய்வந்தவர்களுக்கு இது தெரியும். ஏன் செருப்பு என்பதற்கான பதில் வில்லுப்பாட்டில் இருக்கிறது. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், இன்று அருந்ததியர் எனப்படும் சமூகத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்புகிறான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை போட்ட நிபந்தனைப்படி பூணூலை அறுக்கிறான், குடுமியை எடுக்கிறான், செருப்புத் தைக்கிறான். பிறகு மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதிச் சாகிறான்.

இந்தக் கதையில் பின்னாளில் ஒரு திருத்தம் நுழைந்தது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள்தாம், காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்பதே அது. கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை, சாதி கடந்த மணத்தைப் பொறுக்க மாட்டாதவர்கள் செய்த சேர்க்கை இது என்று காட்டினார்.

இனி ஒரு கல்லூரி வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த அருந்ததியர் மாணவி ஓர் இருக்கையில் இருக்கிறார். கையில் சாதிக் கயிறு கட்டிய மாணவன் இன்னோர் இருக்கையில். ஆசிரியர் திருத்திய கதையை மட்டும் சொன்னால், உன் குலத்துப் பெண்ணாக இருந்தால் காதலிக்கத் தகுதியில்லை என்று அந்த மாணவியிடம் சொன்னதாகிவிடும். ‘வம்பு எதற்கு’ என்று பாடத்தைத் தாண்டிப் போனால் அதுவும் ஒரு தீர்ப்புதான். ‘உங்க ஆளுங்க கதைதானே, நீயே சொல்லும்மா’ என்று எழுப்பிவிட்டாலோ, அவருடைய சாதியை வகுப்புக்கே அறிவித்ததாகிறது. பாமாவின் ‘கருக்கு’, பூமணியின் ‘பிறகு’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ எதை நடத்தினாலும் இதே சிக்கல்தான். நல்லெண்ணம் உள்ள ஆசிரியரும் தடுமாறும் இடம் இது. முனைவர் பட்டம் இதைக் கற்றுத் தருவதில்லை. பயிற்சிதான் கற்றுத் தர வேண்டும்.

பயிற்சி இல்லாமலில்லை. ‘ரெஃப்ரெஷர் கோர்ஸ்’ எனப்படும் புத்தாக்கப் பயிற்சிகள் நடக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி பதவி உயர்வுக்கு அந்தச் சான்றும் கணக்கில் வருகிறது. சான்றிதழே நோக்கமாகிவிடும்போது கோட்பாடுகளின் பெயர்கள் சுற்றிவரும். கடைசி இருக்கை மாணவர் பேச்சில் வரமாட்டார். அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கோ அந்தப் பதவி உயர்வு ஏணியே கிடையாது. கிராமத்து மாணவர்கள் பலருக்குப் பாடம் நடத்துபவர்கள் அவர்கள்தாம்.

இதற்கு வழிகாட்டி நம் மண்ணிலேயே இருக்கிறது. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை 1967இல் பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிக் கட்டுரை படித்தார்கள், குறுக்குக் கேள்வி கேட்டார்கள், திருத்தி எழுதினார்கள். 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழ் வந்தது. ஊதிய உயர்வு எதுவும் அதில் இல்லை. ஆனாலும் நாட்டார் வழக்காற்றைப் பாடமாக மதிக்கும் ஒரு தலைமுறை அங்கிருந்து உருவாயிற்று.

அதே நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதிப் பாகுபாடு உள்ளிட்ட சமூகப் பிரச்சினைகள் குறித்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி தேவை என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பள்ளியில் கட்டிய கயிற்றோடுதான் பிள்ளைகள் கல்லூரிக்கும் வருகிறார்கள். கல்லூரி ஆசிரியருக்கு மட்டும் அந்தப் பயிற்சி வேண்டாமா?

அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இதில் முன்கை எடுக்கலாம். தமிழ், ஆங்கில இலக்கிய ஆசிரியர்களுக்கான ஒவ்வொரு பயிற்சியிலும் சாதியைப் பேசும் பனுவல்களை வகுப்பில் நடத்திக் காட்டும் அமர்வுகள் இடம்பெற வேண்டும். வில்லுப்பாட்டுக் கலைஞர்களையும் தலித் எழுத்தாளர்களையும் உரிய மதிப்பூதியத்தோடு பயிற்றுநர்களாக அழைக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்கள் ஊதிய இழப்பின்றிக் கலந்துகொள்ள அரசு ஆணை தேவை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு கல்லூரியின் ஓர் அறை, பத்து ஆசிரியர்கள், ஒரு பனுவல் போதும். நெல்லை ஆய்வுக் குழுவும் இப்படி ஆட்கள் கூடித்தான் நடந்தது. மாணவர்களே, உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தும் நடத்தாமல் விடப்பட்ட பாடம் எது என்று பாருங்கள். அதை நடத்தச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.