சான்றிதழுக்குப் பிறகு

வியாழக்கிழமைதோறும் பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் மதபேதமின்றித் திரளும் ஜனங்களை நம்பி, மெழுகுவர்த்தியும் பூவும் விற்று ஜீவனம் நடத்தும் பெண்களுக்கு வியாபாரம் கற்பிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். பேரம் பேசுவதில் அவர்களிடம் நாம்தான் பாடம் கேட்க வேண்டும். ஆயினும், விடியுமுன் மார்க்கெட்டில் வாங்கிய உதிரிப்பூவின் விலை, ஆட்டோ கூலி, வாடிப்போன மிச்சம், தண்டல்காரருக்குப் போகும் வட்டி இவ்வளவும் கழிந்த பின், பூத்தொடுத்த கைக்கு என்ன நின்றது என்று கேட்டால், கணக்குச் சொல்லக்கூடியவர் சிலரே. பயிற்சி வேண்டுவது அந்த இடத்தில்தான்.

இதற்கு முன்மாதிரி தேடி அயல்நாடு போக அவசியமில்லை. தர்மஸ்தலத்தை அடுத்த உஜிரெயில் 1982-ல், வீரேந்திர ஹெக்கடே அவர்களின் முயற்சியால், சிண்டிகேட், கனரா வங்கிகளின் துணையுடன் (அவ்விரண்டும் 2020-ல் ஒன்றாகிவிட்டன) தோன்றிய ‘ருட்செட்’ ஸ்தாபனம், வேலையற்ற கிராமத்து இளைஞர்களுக்கு உண்டியும் உறையுளும் இலவசமாக அளித்துச் சுயதொழில் கற்பித்தது. அம்மாதிரியை மத்திய சர்க்கார் 2009-ல் ஏற்று, மாவட்டந்தோறும் ஒரு நிலையம் நடத்துமாறு வங்கிகளைப் பணித்தது. அதன் மகிமை, பயிற்சி முடித்தவரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, கடன் கிடைத்ததா, கடை நிற்கிறதா என்று விசாரிக்கும் விதியில் இருக்கிறது. வகுப்புப் பாடம் மட்டும் லாபத்தை அதிகம் உயர்த்துவதில்லை என்றே பல தேசத்து ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன.

2023-ல் வந்த விஸ்வகர்மா திட்டம், தான் ஆதரிக்கும் 18 தொழில்களில் மாலை கட்டுவதையும் சேர்த்திருப்பது நன்று. பயிற்சி நாளுக்கு 500 ரூபாய். கருவிக்கு 15,000 ரூபாய். ஆனால் அடிப்படைப் பயிற்சியோ ஐந்து முதல் ஏழு நாளில் முடிந்துவிடுகிறது. வாழைநாரும் விரலுமே கருவியாக உள்ள பூக்காரிக்குச் சிரமம் அதன் பிறகுதான் ஆரம்பம்.

கிராமத்துக்கென்று வகுத்த ருட்செட் ஏற்பாட்டை அப்படியே நகரத்துக்குப் பெயர்த்து வைப்பதும் உதவாது. கைக்குழந்தையை விட்டுவிட்டு விடுதியில் தங்க எந்தத் தாயால் இயலும்? ஆகவே, இவ்வட்டாரத்திலேயே, வியாழன் தவிர்த்த பிற்பகல்களில், கன்னடத்திலும் தமிழிலும், தொட்டில் கட்ட ஓர் அறையும் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதையும் உள்ள கட்டடத்தில் மாநகராட்சி வகுப்பு நடத்த வேண்டும் என்பதும், பயிற்சியாளருக்குரிய கடைசித் தவணைப் பணத்தை இரண்டாண்டு கழித்துக் கடை நிற்பதைக் கண்ட பின்பே கொடுக்க வேண்டும் என்பதும் நமது யோசனை.

இதிலும் ஓர் அபாயம் உண்டு. தவணைக்கு ஆசைப்பட்டுப் பயிற்சியாளர்கள், தகப்பனார் கடையில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களையே பொறுக்கியெடுத்து, விதவையையும் ஊனமுற்றவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும். அதனால், சேர்க்கப்பட்டவர் எத்தனை பேர் என்பதோடு, மனுச் செய்து மறுக்கப்பட்டவர் எத்தனை பேர், என்ன காரணத்தால் என்பதையும் ஆண்டுதோறும் மாநகராட்சி பிரசுரிக்க வேண்டும்.